ஸ்பேர் ரூம்

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாம் எல்லாரும் கூடினோம். சாப்பாடு முடிந்ததும் நம் வகுப்புக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். இன்று பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவர். "அப்ப நம்மகிட்ட காசில்லீங்க. ஆனா நிம்மதி இருந்துச்சு. சீக்கு இல்ல, சுகர் இல்ல. ஒருத்தருக்கு ஒருத்தர் இருந்தோம்" என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தட்டல் எனக்குச் செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று பாதியில் விட்டுவிடாதீர்கள். உங்களில் சிலர் இதில் வருகிறீர்கள்.

ஆறாம் வகுப்பில் முழுப் பரீட்சை எழுதாமல் காணாமல் போனவள் நான். எங்கே போனேன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்று தேடிப்பிடித்து இந்த வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

எங்கள் வீடு திருச்செங்கோட்டில் ஈரோடு ரோட்டுப் பக்கம் இருந்தது. எங்கள் வீடு என்று சொல்வது பழக்கம். அது பெரியப்பாவின் வீடு. அவருக்கு ஒரு ரிக் வண்டி இருந்தது. அப்பா அவருடைய தம்பி; அந்த வண்டியில் துளை போடுகிற டிரில்லர். பொங்கல் முடிந்ததும் வண்டி ஆந்திராவுக்குப் போகும். அங்கே மழை பிடித்தால்தான் திரும்பும். அப்பா வந்து இறங்கும்போது தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் பாறைத்தூள் படிந்து வெளுத்திருக்கும். அவரைக் குளிப்பாட்டிய தண்ணீர் சிமெண்டுப் பால்போல ஓடும். அப்பா ஊரில் இல்லாத மாதங்களில் நானும் அம்மாவும் அந்த வீட்டில் பெரியம்மாவின் நிழலில் இருந்தோம். பெரியம்மா கெட்டவள் என்று அப்போது யாரும் சொன்னதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற கை என்றுதான் ஊரில் பேச்சு.

நான் ஆறாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தின வருடம் தாத்தா இறந்துபோனார். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் அப்பா. அவர் பல வருடமாக இருமினார். கூடத்தில் நடு இடத்தில் அவருடைய கட்டில். அவர் இருமினால் டாக்டர் வீட்டுக்கே வருவார். "புகையில பழக்கம், இளைப்பு" என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் துப்புகிற பித்தளைப் படிக்கத்தைத் தினமும் சாம்பல் போட்டுக் கழுவியது அம்மா. ராத்திரி எழுப்பி உட்கார வைத்து முதுகு தடவியதும் அம்மாதான். அவர் செத்தபோது பேண்டு வாத்தியம் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள்.

அடுத்த தீபாவளி கழிந்து அம்மா இருமத் தொடங்கினாள். அவள் இருமலுக்கு மட்டும் வேறு பெயர் வைத்தார்கள். "உன்ற பொறந்த ஊட்டுச் சீக்கு" என்றாள் பெரியம்மா. அம்மாவின் பிறந்த வீட்டில் யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கு வயதான பிறகுதான் புரிந்தது. படித்த பெரியப்பாவுக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். புரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குச் செத்துப்போன தன் அப்பாவின் மரியாதை, உயிரோடிருக்கிற தம்பி பெண்டாட்டியைவிடப் பெரியது.

அப்பா வண்டிக்குப் போவதற்கு முன் அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சளியைப் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். விடாமல் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். எல்லாம் இலவசம். அம்மா காலையில் வெறும் காலோடு நடந்துபோய் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். ஒரு மாதத்தில் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குத் தலை பின்னிவிடும்போது மூச்சு வாங்காமல் பாட்டுக்கூடப் பாடினாள்.

பிறகு ஒருநாள் பெரியம்மாவின் தங்கை, அந்த ஆஸ்பத்திரி வரிசையில் அம்மாவைப் பார்த்துவிட்டாள். அன்றோடு எல்லாம் நின்றது.

"பெரியவனுக்குப் பொண்ணு பாக்கற நேரம். இந்த ஊட்டுல டிபின்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள் பெரியம்மா. அவள் சொன்ன பெரியவன் என் பெரியப்பா மகன். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு ஊசி போட்டா நல்லாயிரும்னு சொல்றாங்கக்கா" என்றாள் அம்மா.

"ஊசி போட்டுட்டு வார வழியில ஊரே பாக்குது. உனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குது. நாளைக்கு அதுக்கு மாப்பிள்ள வரோணுமா வேணாமா?"

அடுத்த நாள் அம்மா ஊசிக்குப் போகவில்லை. என்னைக் காட்டித்தான் அவள் வாயை அடைத்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற காலியிடத்தின் ஓரத்தில், தகரம் போட்ட ஒரு அறை இருந்தது. துளை போடுகிற பிட்டுகள், ரப்பர் ஓஸ், கிரீஸ் டின், பழைய டயர் எல்லாம் அதில்தான் கிடக்கும். ஸ்பேர் ரூம் என்று சொல்வோம். மாசி மாதத்தில் அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். டயர்களை ஒருபக்கம் ஒதுக்கி ஒரு கயிற்றுக் கட்டில் போட்டார்கள். அவளுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு, தண்ணீருக்கு ஒரு போசி. ஒரு வருடம் வண்டி நாக்பூர் வரை போனபோது அப்பா வாங்கிவந்து கொடுத்த டிரான்சிஸ்டரை அம்மா கையோடு எடுத்துக்கொண்டு போனாள். பழுப்புத் தோலுறை போட்டது. பொத்தான் வைத்த உறை. மூன்றாம் நாள் பெரியம்மா வந்து, "சத்தம் கேட்டா ஆரோ இருக்கறாங்கன்னு தெரிஞ்சிரும்" என்று வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அது கூடத்து அலமாரியில் பாடியது. எங்கள் கைக்குத் திரும்பவே இல்லை.

பங்குனி வெயிலில் அந்தத் தகரத்தைத் தொட முடியாது. உள்ளே கிரீசும் டீசலும் காய்ந்து ஒரு வாடை அடிக்கும். இன்றும் ஒர்க்‌ஷாப் இருக்கிற தெருவென்றால் நான் சுற்றிக்கொண்டுதான் போவேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சன்னல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு பாடம் படிப்பேன். அம்மா எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து கேட்பாள்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளி நில்லு சாமி."

"கேக்குமாம்மா?"

"கேக்கும். நீ சத்தமாப் படி."

நான் சத்தமாகப் படித்தால் பெரியம்மா அதட்டுவாள். மெதுவாகப் படித்தால் அம்மாவுக்குக் கேட்காது.

அந்த மாதங்களில் மதியச் சோற்றை நான் உங்களோடு உட்கார்ந்து தின்னவில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் போய்த் தனியாகத் தின்றேன். "ராங்கிக்காரி, ரிக் வண்டிக்காரன் ஊட்டுப் புள்ளன்னு திமிரு" என்று சொன்னீர்கள். என் டப்பாவில் உங்கள் கை பட்டு உங்களுக்கு நோய் வந்துவிடக் கூடாதே என்று ஒதுங்கினேன். அப்படித்தான் என்னை நம்ப வைத்திருந்தார்கள்.

மருந்து வாங்க வராதவர்களைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். காக்கிப் பை மாட்டியிருப்பார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் ஸ்பேர் ரூம் சன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பெரியப்பா முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் பேச்சு வீட்டுச் சந்து வழியாகப் பின்னால் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, அந்தம்மா ஊசிக்கே வாரதில்லீங்களே?"

"அது பொறந்த ஊட்டுக்குப் போயிருச்சுங்க. அங்கியே வைத்தியம் பாத்துக்குது."

"எந்த ஊருங்க? சொன்னீங்கன்னா அங்க எழுதிப் போட்டுருவேன். பாதியில உட்டா ஆளே போயிருமுங்க."

"ஓமலூருப் பக்கம். நாங்க பாத்துக்கறோமுங்க, நீங்க போயிட்டு வாங்க."

நான் சன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அம்மாவுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண் பிதுங்க, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். சத்தம் வெளியே வரவே இல்லை. தன்னைக் காப்பாற்ற வந்தவருக்குத் தான் இருப்பது தெரியக்கூடாதென்று அவளே பாடுபட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டது. அதற்குப் பிறகுதான் தலைப்பை வெளியே எடுத்தாள். அதில் ரத்தம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் பயம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கோபத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. பத்திரமாக வைத்திருந்தேன்.

பங்குனிக் கடைசியில் அண்ணனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். ஜேடர்பாளையம் பக்கம் ஆற்றுப் பாசனக்காரர்கள். வாழையும் கரும்பும் தென்னையுமாக நல்ல வசதி. பெண் கொடுத்தால் இரண்டாவது ரிக் வண்டிக்கு அவர்கள் கைகொடுப்பார்கள் என்று பெரியப்பா கணக்குப் போட்டிருந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். காலையிலேயே பெரியம்மா எனக்கு ஒரு பாவாடை கட்டிவிட்டு, "உன்ற அம்மாவக் கேட்டா ஊருக்குப் போயிருக்கறாங்கன்னு சொல்லோணும்" என்றாள். ஸ்பேர் ரூமுக்கு வெளியே பூட்டுப் போட்டாள். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினாள். அதற்கு முன் சன்னல் பக்கம் போய் அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அடக்கிக்க. துணிய வாயில வெச்சுக்க."

கார், வேன் என்று வந்து இறங்கினார்கள். பலகாரம், காப்பி, சிரிப்பு. கூடத்து டிரான்சிஸ்டரை எடுத்து அண்ணன் பாட்டு வைத்தான். நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். பெண்ணின் அத்தை என்று ஒருத்தர் வந்திருந்தார். கனத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய், காதில் வைரத் தோடு. அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"நீ ஆரு அம்மிணி?"

"தம்பி மகளுங்க."

"அப்பன் வண்டிக்குப் போயிருக்கறாரு, செரி. உன்ற அம்மா எங்க? காங்கலியே."

பெரியம்மா பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். வேறு வார்த்தை வந்தது.

"வாங்க, காட்டறேன்" என்றேன்.

சமையலறை வழியாகத்தான் கூட்டிப்போனேன். ஆணியில் இருந்த சாவியை எட்டி எடுத்ததை அவர் பார்த்தார். பின்வாசல் தாண்டி, வெயிலில், கிரீஸ் படிந்த மண்ணில் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். உள்ளேயிருந்து அனல் அடித்தது. அம்மா வெளிச்சத்துக்குக் கண் கூசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வாயில் துணி அப்படியே இருந்தது.

அந்தம்மா மூக்கைப் பொத்தவில்லை. பின்வாங்கவும் இல்லை. "எத்தன நாளா இங்க இருக்கற சாமி?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன், மாசியிலிருந்து என்று.

அதற்குள் பெரியம்மா ஓடிவந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஐயோ, அங்கெல்லாம் எதுக்குங்க போறீங்க? அது எங்க வேலைக்காரிங்க. ஒடம்புக்கு முடியலைன்னு படுத்திருக்குது."

"அது என்ற அம்மா" என்றேன்.

சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. ஆனால் பின்வாசலுக்கு வந்து நின்றிருந்த எல்லாருக்கும் கேட்டது.

அத்தைக்காரர் பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "சீக்கு ஆருக்கு வேணாலும் வருமுங்க. எங்க ஊட்டுலயும் வந்திருக்குது. நாங்க ஆரையும் பூட்டி வெக்கல. பெத்த புள்ள பக்கத்துல நிக்கறப்பவே வேலைக்காரின்னு சொல்றீங்க. நாளைக்கு எங்க புள்ளைக்கு ஒரு தலவலின்னா எந்த ரூமு குடுப்பீங்க?" என்று கேட்டார். பிறகு பெண்ணின் அப்பாவான தன் தம்பியைப் பார்த்து, "கெளம்பலாமுங்க" என்றார்.

போட்ட இலை போட்டபடி கிடந்தது. கார் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட சத்தம் இருக்கிறதே, அதைப்போல ஒரு சங்கீதத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அவர்கள் போனதும் பெரியப்பா ஒரு ரப்பர் ஓஸ் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். பின்வாசலில் வைத்து என்னை அடித்தார். முதல் அடி முதுகில், அடுத்தது கழுத்தில். மூன்றாவது விழவில்லை. அம்மா ஸ்பேர் ரூமிலிருந்து வெளியே வந்து எங்கள் நடுவில் நின்றாள். நிற்கவே தெம்பில்லாத உடம்பு. "தள்ளு" என்றார் பெரியப்பா. அம்மா நகரவில்லை. ஒரு அடி அவரை நோக்கி எடுத்து வைத்தாள். வாயிலிருந்த துணியைக் கீழே போட்டாள். அவர் முகத்துக்கு நேராக இருமினாள்.

அவர் பின்னால் போனார். அவள் இன்னும் ஒரு அடி வைத்து மறுபடியும் இருமினாள். அது தானாக வந்த இருமல் இல்லை; எனக்குத் தெரியும். ரிக் வண்டிக்காரர், ஊரில் பெரிய மனிதர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. மாசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என்னைத் தொட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வந்தேன். அதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீங்கள் மூன்று பேரும் எழுந்து பின்னால் போனீர்கள். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே பாடத்தைத் தொடர்ந்தார். அந்த மூவரில் இருவர் போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டீர்கள். பெயர் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

அப்பாவுக்குத் தகவல் போய், ஆந்திராவிலிருந்து லாரி பிடித்து வந்தார். வந்தவர் பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "அவசரப்பட்டுட்டியே சாமி" என்று என்னிடம் சொன்னார். அம்மாவை ஸ்பேர் ரூமில் வைத்தது அவருக்கு முன்பே தெரியும் என்பதை நான் கல்யாணமான பிறகுதான் அறிந்தேன். புது வண்டி வந்தால் அதில் பங்கு தருகிறேன் என்று பெரியப்பா சொல்லியிருந்தாராம். சீசன் முடியட்டும், பங்கு கைக்கு வரட்டும், பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அப்பா நினைத்திருக்கிறார். நல்லவர்தான். ஆனால் அம்மாவின் நெஞ்சு அவருடைய பங்குக்காகக் காத்திருக்கவில்லை. அப்பாவையும் நான் மன்னிக்கவில்லை. கடைசிவரை சோறு மட்டும் போட்டேன்.

பெரியப்பா எங்களை வெளியே போகச் சொன்னார். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓடுகிற சந்தில், வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை பிடித்தோம். அப்பா தறிக்குப் போனார். தறிச்சத்தத்தில் பேசுவது காதில் விழாது. அம்மா எவ்வளவு இருமினாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் யாரிடமும் மறைக்கவும் இல்லை. அங்கே இருந்தவர்களைத் தேவர்கள் என்று சொல்லமாட்டேன். குழாயில் நாங்கள் கடைசியாகத்தான் பிடிக்க வேண்டும் என்றார்கள். ஆனால் பிடிக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் நூல் சுற்றுகிற அக்கா, ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு பஸ் ஏறிப் போய்வந்தாள். ஒன்றரை வருடம் ஊசி, மாத்திரை. ஒருபக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. மாசியிலும் பங்குனியிலும் விட்ட மருந்தின் விளைவு அது. அதற்குப் பிறகு அம்மா மாடிப்படி ஏறியதில்லை. ஆனால் பிழைத்துக்கொண்டாள்.

அவள் பிழைத்ததை நான் வீணாக்கவில்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் வந்தாலும் அவளுக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பெரியம்மா உட்கார்ந்திருக்கிற வரிசையிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தேன். பெரியம்மா எழுந்து வேறு இடம் போவாள். நான் அம்மாவையும் எழுப்பி அங்கேயே கூட்டிப்போவேன். "விடு சாமி, போதும்" என்பாள் அம்மா. எனக்குப் போதவில்லை. அண்ணனுக்கு நல்ல இடம் எதுவும் அமையாமல் ரொம்ப வருடம் தள்ளிப்போனது. அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு நிறைந்தது. ஆனாலும் பணம் அவர்களை விட்டுப் போகவில்லை. வண்டிமேல் வண்டி வாங்கினார்கள். பெரியப்பா சொகுசாகவே செத்தார். கணக்கெல்லாம் நேராகிவிடும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

போன மாதம் அண்ணன் ஹைதராபாத்திலிருந்து போன் செய்தான். பெரியம்மா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாள், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றான். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு போனேன். இரக்கப்பட்டு இல்லை, அவளைப் படுக்கையில் பார்க்க ஆசையாக இருந்தது.

பழைய திருச்செங்கோட்டு வீடு மூன்று மாடியாகியிருந்தது. வாசலில் கேமரா. ஏஜென்சியிலிருந்து வந்த ஒரு நர்ஸ் பெண் கதவைத் திறந்தாள். குளிரூட்டிய அறையில் பெரியம்மா குச்சியாகக் கிடந்தாள். வேளாவேளைக்கு மருந்து, பழச்சாறு, திருப்பிப் படுக்க வைக்கும் கட்டில். எதற்கும் குறைவில்லை. மகன் ஒரு ஊரில், பேரன்கள் வெளிநாட்டில். நர்ஸ் பெண் வாய்க்கு வாய் "பாட்டி" என்றாள். நடுநடுவே போனைப் பார்த்துக்கொண்டாள்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை; திருப்பிப் பிடிக்கவும் இல்லை. ரொம்ப நேரம் எதையெதையோ பேசினாள். மழை, மருமகள், இடுப்பு. பிறகு கேட்டாள்.

"உன்ற அம்மா கடைசியில எப்பிடி சாமி போனா? ரொம்பச் சிரமப்பட்டாளா?"

பட்டாள் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தது எனக்குத் தெரிந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள், கேட்டுவிட்ட நிம்மதியில் கண்ணை மூடியிருப்பாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

"இல்லீங்க பெரியம்மா. சந்தோசமாத்தான் போனாங்க. நானு, என்ற ஊட்டுக்காரரு, பேத்தி, எதுத்த ஊட்டு அக்கா, அந்த லைன்ல இருக்கறவங்க எல்லாருமே சுத்தி இருந்தோம். என்ற மடியிலதான் தல இருந்துச்சு. ஒரு நிமிசங்கூட ஆரும் அவங்களத் தனியா உடலீங்க."

பெரியம்மா என் கையை விட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள முயன்றாள், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அதனால் என்னைப் பார்த்தபடியே கிடக்க வேண்டியிருந்தது.

நர்ஸ் பெண் காப்பி கொண்டுவந்தாள். நல்ல காப்பி. நான் அவசரப்படாமல் முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.